கவர்னர் படுத்த கட்டில்

கோழிகள் பளிங்குப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன, பின்னால் பானைகள், பாய்கள், நனைந்த பிள்ளைகள், துறைமுகத்தில் எட்டாம் எண் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள், ஏற்றினால் எங்கள் சமுத்திர விலாஸில் யாருக்கும் வாடகை கிடையாது, கதவும் பூட்டக் கூடாது, கொள்ளுத்தாத்தா ஹோட்டல் கட்டிய நாளிலிருந்து இதுதான் சட்டம், சின்ன வயதில் இதைப் பார்த்தேனா, கனவு கண்டேனா, எனக்கே சந்தேகம், ஆனால் பில்லியர்ட்ஸ் மேசையில் ஒரு கோழி முட்டையிட்டது நிச்சயம், எடுக்கப்போய்க் கொத்து வாங்கியது என் கைதான், அதே படிக்கட்டில் இப்போது பாரம்பரியக் கட்டடக் குழுவின் அதிகாரி அம்மாள் ஏறுகிறார், அவர் சரியென்றால் ஹோட்டல் நிற்கும், இல்லையென்றால் பெரியப்பா விற்றுவிடுவார், இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டுவார்கள், லிஃப்ட் உண்டு, கடல் தெரியாது, கஞ்சி போட்ட சட்டையில் அப்பா ஏழாம் அறையின் தேக்குக் கட்டிலைத் தட்டுகிறார், மேடம், இதுலதான் கவர்னர் துரை படுத்து ஒறங்குனாரு, எங்கள் ஊருக்கு எந்தக் கவர்னரும் வந்ததில்லை, ஆனாலும் அப்பா சொல்லும்போது துரையின் குறட்டை எனக்கே கேட்கும்.

சமையலறைக்கு மீன் கொண்டுவந்த கித்தேரி அக்கா, வேடிக்கை பார்க்க மாடியேறி வந்தவள், அறை வாசலில் நின்று சிரிக்கிறாள், ஏ அண்ணாச்சி, தொரைய எந்தப் பக்கம் படுக்க வச்சிய, புயலுக்குப் புயல் எங்க குடும்பமே அதுலதான கெடந்துச்சு, நான் பொறந்ததே அந்தக் கட்டில்லதான, அப்பாவின் முகம் வெளுக்கிறது, அதிகாரி கண்ணாடியைக் கழற்றுகிறார், அப்போ முக்கியமானவங்க யாருமே இங்க தங்கலையா சார், போச்சு, லிஃப்ட் வந்தாயிற்று என்று நான் நினைக்கும்போதே கித்தேரி அக்காவுக்குச் சுர்ரென்று ஏறுகிறது, ஏம்மா, நாங்க தங்கலையா, கூண்டு ஏத்துனா எங்க தெரு முச்சூடும் இங்கதான், இத இடிச்சிட்டா அடுத்த புயலுக்குப் புள்ளையள ஒங்க வீட்டுக்கா தூக்கிட்டு வர, அதிகாரி கட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அதுல உக்காருங்க, ஒரு படம் எடுத்துக்கிறேன் என்றார், ஐயே, மீன் கவிச்சி என்று அவள் நெளிய, அப்பா விரிப்பைத் தன் கையாலேயே நீவிவிட்டு, உக்காரு தாயி, ஒன் கட்டில்தான என்றார், பொய்யில்லாமல் அப்பா அந்த அறையில் பேசியதை அன்றுதான் கேட்டேன், அவ்வளவு நிமிர்ந்து நின்றதையும் அன்றுதான் பார்த்தேன்.

இடிக்கக் கூடாது என்று ஆணை வந்துவிட்டது, கூண்டும் ஏறிவிட்டது, படிக்கட்டில் பானைகள், பாய்கள், இது கனவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது நான்தான், ஏழாம் அறை சுற்றுலாப் பயணி தலையணையும் கையுமாக வெளியே வந்து நிற்கிறார், என்ன தம்பி, யாரோ பெரிய ஆளுங்க வந்திருக்காங்களாமே, ஆமா சார், தெருவோட வந்திருக்காங்க.