உடையாத கண்ணாடி

அக்காள் புருஷனுக்கு மண்ணைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை. மண்ணைச் சோதித்து அறிக்கை எழுதிப் பிழைக்கிற கொழுந்தியாளுக்கு அவர் வைத்திருந்த பெயர் மண்ணாங்கட்டி. கல்யாண வீடோ ஆஸ்பத்திரி வராந்தாவோ, நாலு பேர் நடுவிலும் அப்படித்தான் கூப்பிடுவார்.

கொட்டிய மண்ணால் தூர்த்த பழைய கல்குவாரியின் விளிம்பில் அவர் மனை வாங்கியபோது தங்கைதான் துளை போட்டுப் பார்த்தாள். நாலு மீட்டர் இறங்கியும் உடைந்த ஓடு, பாலித்தீன் பை, ஒற்றைச் செருப்பு என்று குப்பையாகவே வந்தது. ஒன்பதாவது மீட்டரில்தான் அந்த இடத்தின் சொந்த மண் தட்டுப்பட்டது.

"பைல் போட்டு, கான்கிரீட் தூணை அதுவரைக்கும் இறக்குங்க அத்தான். சரிவுல தண்ணி வடிய வழி வைங்க. முடியாதுன்னா கட்டவே கட்டாதீங்க."

அத்தான் வயிறு குலுங்கச் சிரித்தார். "லாரி ஏறி இறங்கி இறுகிப்போன மண்ணு. இதுல யானை நின்னாலும் அமுங்காது மண்ணாங்கட்டி!"

மூன்றடி அஸ்திவாரத்தில் வீடு எழும்பியது. எட்டாவது மாதம், சரிவுப் பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் மூலைக்கு மூலை விரிசல் விழுந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் அக்காளின் கட்டில். தங்கை விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்ட் வைத்து ஒட்டினாள்.

"இது முழுசா இருந்தா விரிசல் நின்னுடுச்சுன்னு அர்த்தம். உடைஞ்சா சுவரு நகருது. உடைஞ்ச அன்னிக்கே ரூமைக் காலி பண்ணிட்டு எனக்கு போன் பண்ணு," என்று அக்காளிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

போன் வரவில்லை. மூன்று மாதம் கழித்து மழை பிடித்துக்கொண்டதும், மனசு கேட்காமல் அவளே போனாள்.

"பாரு, அப்படியே இருக்கு," என்றாள் அக்காள் நிம்மதியாக.

அப்படியேதான் இருந்தது. ஆனால் விரிசலுக்குள் இப்போது சுண்டுவிரல் நுழைந்தது. தங்கை கண்ணாடியை நகத்தால் தட்டினாள். சத்தம் மந்தமாக வந்தது. பிளாஸ்டிக்.

"இதை யாரு ஒட்டினது?"

"நான்தான்," என்றார் அத்தான், பெருமை தாங்காமல். "நீ வச்சது மட்டமான கண்ணாடி. பத்தே நாள்ல போச்சு. வேற வாங்கி ஒட்டினேன், அதுவும் போச்சு. அஞ்சு தடவை மாத்திட்டேன். அப்புறம்தான் யோசிச்சு, உடையாததா ஒண்ணு போட்டேன். எதுக்கும் மூளை வேணும்ல?"

காய்ச்சலை இறக்கத் தெர்மாமீட்டரை ஐஸில் வைக்கிற மனுஷனிடம் என்ன பேசுவது? அக்காள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு தடவையா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா நீ பயந்துடுவே."

அக்காள் கட்டிலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீங்களும் கிளம்புங்க."

"சொந்த வீட்டை விட்டுட்டு ஓடச் சொல்றியா? மண்ணாங்கட்டி பேச்சைக் கேட்டு?"

இரண்டு பேரும் கெஞ்சிப் பார்த்தார்கள். மனுஷன் அசையவில்லை. அந்த வீட்டில் அசையாத ஒரே பொருள் அவர்தான்.

மூன்றாம் நாள் மழையில் சரிவு இறங்கியது. படுக்கையறை, சுவர், கட்டில் எல்லாம் பள்ளத்துக்குப் போயின. அத்தான் முன்னறையில் டிவி பார்த்தபடியே தூங்கிப்போயிருந்தார். அவரைக் காப்பாற்றியது அவருடைய சோம்பல்தான், மூளை இல்லை.

காலையில் போன் வந்தது. அக்காள் எடுத்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகல," என்றார் அத்தான். "ரூம்தான் போச்சு. உன் கட்டில் தலைகீழா கிடக்கு, அது மேல பாதிச் சுவரு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது. "ஆனா இறங்கிப் போய்ப் பாத்தேன். அந்த பிளாஸ்டிக் உடையவே இல்ல. மண்ணாங்கட்டிகிட்ட சொல்லு."

"அதையே கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் படுங்க," என்று சொல்லி அக்காள் போனை வைத்தாள்.