புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

பாகப்பிரிவினையில் தம்பி பிரேம்குமாருக்கு மூலக்குளம் வீடு. நிர்மலாதேவிக்குத் தாத்தாவின் துப்பாக்கி. அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தாத்தா கலியமூர்த்தி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் சண்டை போட்டவர், இது அவர் தோளில் கிடந்த துப்பாக்கி என்று அப்பா சாகும்வரை சொன்னார். தவளக்குப்பத்துப் பங்காளிகள் ஒருநாளும் நம்பவில்லை. "சைகோன்ல உங்கப்பன் சுட்டது ரொட்டிய்யா! துப்பாக்கி காயலான் கடையில வாங்குனது." கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் அப்பா எழுந்துபோனதை அவள் பார்த்திருக்கிறாள்.

போன மாதம் பழைய பெட்டியில் தாத்தாவின் லிவ்ரே கிடைத்தது. சிப்பாய்க்குப் பட்டாளம் கொடுக்கும் சின்னப் புத்தகம். கரையான் தின்றது போக ஒரு பக்கம் மிஞ்சியிருந்தது. அவருக்குக் கொடுத்த துப்பாக்கியின் எண் அதில் இருந்தது: ஓர் எழுத்து, ஐந்து இலக்கம். துப்பாக்கியிலும் அதே எண் இருந்தால் பங்காளிகள் வாயை அடைக்கலாம்.

போலீஸ் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விஜயராகவன் லாஸ்பேட்டையில் அவள் வீட்டுக்கே வந்தார். துப்பாக்கி எப்போதோ சுட முடியாதபடி ஊசி அறுக்கப்பட்டு, பதிவும் ஆனதுதான். அதைத் திருப்பிப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்தது.

"லெபல் துப்பாக்கிம்மா இது. குழாய்க்கு அடியில, மரத்துக்குள்ள இன்னொரு குழாய் இருக்கு பாருங்க. எட்டுத் தோட்டா ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு நிக்கும். ஸ்பிரிங் பின்னால தள்ள, தூக்கின்னு ஒரு தகடு ஒண்ணை மேல ஏத்திக் குடுக்கும். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துச் சாமான்தான், சந்தேகமே இல்ல."

"நம்பர், சார்?"

குழாயின் இடப்பக்கம் டார்ச் அடித்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. விரலால் தடவினார்.

"இங்கதான் இருக்கணும். குழிஞ்சிருக்கு. யார் தேச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை. புளியும் செங்கல் தூளும். அப்புறம் எமரி தாள் வந்துச்சு."

"எத்தன வருஷம்?"

"முப்பத்தஞ்சு."

மரத்தில் பொறித்திருந்ததும் வார்னிஷுக்கு முன் அவள் போட்ட உப்புத்தாளில் போயிருந்தது. விஜயராகவன் விடவில்லை. எண்ணை அடித்து இறக்கும்போது அடியில் இருக்கிற இரும்பும் நசுங்கும், மேலே அழிந்தாலும் அமிலம் தடவினால் நிழல் மாதிரித் தெரியும் என்று சொல்லிக்கொண்டே பஞ்சை நனைத்தார். தடவினார், துடைத்தார், மறுபடி தடவினார். கடைசியில் பஞ்சைக் கீழே வைத்தார்.

"நசுங்குன இரும்பையும் சேத்துத் தேச்சிட்டீங்கம்மா."

சாயங்காலம் பிரேம்குமார் போன் செய்தான். "என்னக்கா, தாத்தா துப்பாக்கியா, காயலான் கடையா?"

"தெரியாதுடா. நம்பர் இல்ல. நான் தேச்சே போயிடுச்சு."



"பூஜை அன்னிக்குத் தேய்க்க எழுந்திரிக்கலன்னு அப்பா என்னை பெல்ட்டால அடிச்சாரே, ஞாபகம் இருக்கா? பொட்டப்புள்ளயப் பாத்துக் கத்துக்கடான்னு."

"இருக்கு."

"நீயும் தூங்கியிருக்கலாம்க்கா."