மூன்றாவது துண்டு

"ஊசி முனைய மட்டும் காணோம்னா என்ன அர்த்தம்? றெக்க முளைச்சுப் பறந்துடுச்சா?"

"நான் என்ன முழுங்கவா செஞ்சேன் சார்? படக்குனு ஒடஞ்சுது. கைல சிக்குன ரெண்டு துண்டையும் குடுத்துட்டேன்."

காலர் தைப்பவளுக்கு வியர்த்துவிட்டது. சூப்பர்வைசர் துண்டுகளை ஒட்டிவைக்கும் தாளையும் டேப்பையும் பிடித்தபடி அவள் மெஷினருகில் நின்றார். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளும் கிடைக்கும்வரை அந்த வரிசையில் ஒரு மெஷினும் ஓடக்கூடாது. துண்டு சிக்கிய சட்டை வாங்குகிறவர் கழுத்தைக் கீறிவிட்டால் கம்பெனி பெயர் கெட்டுவிடும். இருபத்திரண்டு பெண்கள் தரையில் காந்தத்தை இழுத்துக்கொண்டும், தைத்த காலர்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். போகிற நேரத்தை மாலையில் ஈடுகட்ட வேண்டும்.

"உன் புண்ணியத்துல என் இடுப்புக்கு இன்னைக்குத்தான் லீவு கெடச்சிருக்குக்கா" என்றாள் பாக்கெட் தைப்பவள், மெஷினுக்கு அடியில் தவழ்ந்தபடி. பிறகு அவள் குரல் இறங்கியது. "அக்கா, கொஞ்சம் காலத் தூக்கு."

மிதிகட்டையில் ரத்தம் பிசுபிசுத்தது. வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, முனை பாதி புதைந்து மினுங்கியது.

"ஐயோ, வலிக்கலயா?"

காலர்க்காரி அதை யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரு வருஷமாகவே படுத்தால் பாதம் எரியும். நடந்தால் பஞ்சில் கால் வைப்பதுபோல் இருக்கும்.

"வலிக்காம என்ன? அவசரத்துல கவனிக்கல" என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி சொன்னாள். சர்க்கரை இருப்பதை எந்தப் படிவத்திலும் அவள் எழுதியதில்லை. எழுதிக் கொடுத்த பட்டன்காரி, மறுமாதமே மெஷினை விட்டுத் துணி மடிக்கும் தினக்கூலிக்கு இறக்கப்பட்டிருந்தாள்.

மருத்துவ அறையில் நர்ஸ் இடுக்கியால் முனையைப் பிடுங்கிப் பஞ்சில் வைத்தாள். இழுக்கும்போது காலர்க்காரியின் முகத்தையே கவனித்தாள்.

"கண்ண மூடு. நான் கால்ல தொடும்போது சொல்லு."

காலர்க்காரி கண்ணை மூடிக் காத்திருந்தாள். வெகுநேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை.

"தொடுங்க சிஸ்டர்."

"நாலு எடத்துல தொட்டாச்சு." நர்ஸ் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டாள். "எத்தனை வருஷமாச் சக்கர?"

"யாருக்கு?"

"உன் பக்கத்து வீட்டுக்காரிக்கு."

காலர்க்காரிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே கண்ணும் கலங்கியது. "பதினோரு வருஷம்."

"அவ மாத்திரய ஒழுங்காப் போடுறாளா?"

"காலைல போட்டா, சாப்பாட்டு மணி தள்ளிப்போற நாள்ல கை நடுங்குது சிஸ்டர். தையல் கோணிக்குது. அதனால காலை மாத்திரய விட்டுடுறா."

நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டே பேசினாள். "சக்கரக்காரங்கள்ல பாதிப் பேருக்கு என்னைக்காவது இப்படி நரம்பு கெட்டுப்போவுது. வருஷம் ஏற ஏற, சக்கர அடங்காம இருக்க இருக்க, சீக்கிரமா வரும். பிரஷரும் சேந்தா கேக்கவே வேணாம். உங்க வரிசைலயே எத்தனை பேரு வாயத் தெறக்காம இருக்காங்களோ! முதல்ல டாக்டரப் பாத்து மாத்திர நேரத்த மாத்தச் சொல்லு. வெறுங்கால்ல இனி ஒரு அடி வைக்கக்கூடாது. அடுத்த முனை உள்ளயே கெடந்து சீழ் வெச்சா, வெரலே போயிடும்."

தையல் கூடத்துக்குள் யாருக்கும் செருப்பு கிடையாது. வெள்ளைத் துணி அழுக்காகுமென்று எல்லாச் செருப்புகளும் வாசல் அலமாரியில் கிடந்தன.

அவள் திரும்பி வந்ததும் சூப்பர்வைசர் பஞ்சை வாங்கிப் பிரித்தார். முனையைத் துடைத்து, மற்ற இரண்டு துண்டுகளோடு சேர்த்து வைத்தார். இம்மி பிசகாமல் பொருந்தியது. டேப்பை ஒட்டி, 'முழு ஊசி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது.

"ஓட்டுங்கம்மா, ஓட்டுங்க!"

இருபத்தோரு மெஷின்கள் ஒன்றாக இரைந்தன. தாளைக் கோப்பில் செருகிக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் காலர்க்காரி சொன்னாள்:

"சார், எனக்குக் கால்ல உணர்ச்சி இல்ல. செருப்பு மட்டும் போட்டுக்கட்டுமா?"