இரண்டாவது எண்

அந்த எண்ணை முதலில் பார்த்தது நான்தான்.

1988, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. முந்தின நாள்தான் இரண்டு கதவுக் கூப்பே காரின் பாடியை, அடிச்சட்டமான சேஸிஸிலிருந்து தூக்கி, கராஜின் ஓரத்தில் மரத் தாங்கிகள் மேல் வைத்திருந்தோம். நாலரை வருஷ வேலை. 1934-ஆம் வருடத்து ஃபோர்டு. ஒரு பண்ணை ஏலத்தில், கோழிக்கூடாகக் கிடந்ததை என் கணவன் லீலண்ட் எடுத்து வந்தான். கூரையை அறுத்து மூன்று அங்குலம் தாழ்த்தினான். பழைய எஞ்சின் இருந்த இடத்தில் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினை உட்கார வைத்தான். ஒயரிங்கும் சீட்டும் என் வேலை. எல்லாம் ஒருமுறை மாட்டிப் பார்த்தாயிற்று. இனிப் பிரித்துச் சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

டிரைவர் பக்கத்துச் சட்டத்தை நான் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாடி மூடியிருக்கும் இடம் அது. வெளியே இருந்து கண்ணுக்குத் தெரியாது. துருவும் கிரீஸும் உதிர்ந்ததும் எழுத்துகள் தெரிந்தன. மண்ணெண்ணெய் துணியால் துடைத்தேன். 18-இல் தொடங்கி 6041 என்று முடிந்தது.

எங்கள் பத்திரத்தில் இருந்த எண் 2196 என்று முடியும். எனக்கு அது மனப்பாடம். எங்கள் மாவட்ட நிர்வாகமான கவுண்டி அலுவலகத்தில், வண்டி உரிமைப் பத்திரம் கொடுக்கும் கவுன்டரில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

"லீ, இங்க வா."

வந்து பார்த்தான். முன்பக்கம் போனான். எஞ்சின் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், 2196 அடித்திருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். அந்த இடத்து இரும்பு மட்டும் லேசாகக் குழிந்திருந்தது. எழுத்துகள் ஒன்றுக்கொன்று கோணலாக நின்றன. யாரோ எப்போதோ பழைய எண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டு வேறு எண்ணை அடித்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் அதே எண்ணைப் பாடிக்குக் கீழே இன்னொரு இடத்திலும் அடித்திருப்பது திருடனுக்குத் தெரியவில்லை. தெரிந்தும் பாடியைக் கழற்ற அவனுக்கு நேரம் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

"பாடிய மேல வெச்சுட்டா யார் கண்ணுக்கும் தெரியாது" என்றான் லீலண்ட்.

"எனக்குத் தெரியுமே."

"உனக்கும் தெரியாதுன்னு வெச்சுக்கோ."

திங்கட்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், கீழறையில் பழைய பதிவேடுகளை எடுத்தேன். நாலாவது புத்தகத்தில் கிடைத்தது. ஃபோர்டு கூப்பே, 6041 என்று முடியும் அதே எண், 1952. உரிமையாளர் வெர்னா லிண்ட்குவிஸ்ட். பக்கத்திலேயே சிவப்பு மையில், 'திருட்டு, ஆகஸ்ட் 1956'. அதற்கப்புறம் அந்த வரியில் எதுவும் இல்லை.

சாயந்திரம் சாப்பிடும்போது சொன்னேன். லீலண்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"முப்பத்திரண்டு வருஷம், ஆர்லிஸ். அந்தப் பொம்பள செத்துக்கூடப் போயிருக்கலாம்."

"ஹோல்ட்ரெஜ் ஊர் போன் புத்தகத்துல பேர் இருக்கு."

"தேடிட்டியா?" அவன் முகம் சிவந்தது. பம்புசெட் மெக்கானிக். பகலெல்லாம் சோளக்காட்டில் அடுத்தவன் இயந்திரத்தோடு மாரடித்துவிட்டு வந்து, தனக்கென்று செய்துகொண்டது அந்த ஒன்றைத்தான். "போன் பண்ணாத. பண்ண மாட்டேன்னு சொல்லு."

"சரி" என்றேன்.

வியாழக்கிழமை என் தம்பி டுவேன் வந்தான். வண்டி முடிந்ததும், புதுப் பத்திரத்துக்காக எண்ணைச் சோதிக்க வரப்போகிற ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரரைப் பற்றிப் பேச்சு வந்தது.

"புதுசா வந்திருக்கான் மச்சான், பெரிய கறார்ப் பேர்வழி. குச்சியில கண்ணாடி கட்டி அடியில விட்டுப் பார்க்கிறானாம். போன மாசம் ஒருத்தன் வண்டியில சீட்டையே கழட்டச் சொல்லிட்டான். ஏன், உன் வண்டியில என்ன, பொணமா ஒளிச்சு வெச்சிருக்க?"

லீலண்ட் சிரிக்கவில்லை. டுவேன் கிளம்பியதும் கராஜுக்குப் போய், கிரைண்டிங் மெஷினுக்குப் புது சக்கரம் மாட்டி, சேஸிஸ் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான். எந்த எண்ணைத் தேய்க்க என்று எனக்குப் புரிந்தது. இரும்பில் பெயிண்ட் அடிக்கும் முன் பாடியைக் கடைசியாக ஒருமுறை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்றும், சனிக்கிழமை காலை டுவேனை வரச் சொல்லியிருப்பதாகவும் மட்டும் சொன்னான்.

ராத்திரியெல்லாம் அந்தச் சோதனைக்குப் பிறகு நடக்கப்போவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஷெரிஃபின் கையெழுத்தோடு காகிதம் என் கவுன்டருக்கு வரும். 2196 என்று டைப் அடித்து முத்திரை குத்த வேண்டியவள் நான். வேறு யாராவது செய்யட்டும் என்று எழுந்து போகலாம்தான். ஆனால் அதுவும் நான் செய்தது மாதிரிதான்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து போன் செய்தேன்.

"வெர்னா லிண்ட்குவிஸ்ட்தானே? ஐம்பத்தாறுல உங்க கார் ஒண்ணு திருடு போச்சா?"

அந்தப் பக்கம் ரேடியோவில் யாரோ தானிய விலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ நின்றது.

"யார் பேசுறது?"

பெயரைச் சொன்னேன்.

"வண்டி இப்ப எங்க?"

"எங்க வீட்ல. என் வீட்டுக்காரர் ஏலத்துல வாங்கினது. அவருக்கு எதுவும் தெரியாது. அதாவது, வாங்கும்போது தெரியாது."

"விலாசம் சொல்லு. யாரும் தொட வேணாம். நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன்."

அன்று சாயந்திரம் லீலண்டிடம் சொல்லலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். சொல்லவில்லை.

சனிக்கிழமை எட்டரைக்கே டுவேன் வந்துவிட்டான். கொலாச்சி என்ற ஜாம் பன் சுட்டு வைத்திருந்தேன். காபி போட்டேன். இரண்டாம் முறையும் போட்டேன்.

"போதும்க்கா, இதுக்கு மேல குடிச்சா பாடிக்குப் பதிலா என்னைத்தான் தூக்கணும்" என்றான் டுவேன்.

ஒன்பதே காலுக்குச் செயினைக் கொக்கியில் மாட்டினார்கள். பாடி மெல்ல மேலேறி உத்திரத்தில் தொங்கியது. டுவேன் அடியில் சேஸிஸைத் தள்ளி வந்தான். இறக்க வேண்டியதுதான். லீலண்ட் செயினைக் கட்டினான்.

"ஒரு நிமிஷம் இரு. ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு."

கிரைண்டிங் மெஷினை எடுத்தான். நான் அவனுக்கு முன்னால் போய், தொங்குகிற பாடிக்குக் கீழே குனிந்து, அந்த எண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

"கையை எடு."

"எடுக்க மாட்டேன்."

"ஆர்லிஸ், மேல முந்நூறு கிலோ தொங்குது. வெளிய வா."

"மெஷினைக் கீழ வை, வர்றேன்."

"என்னக்கா நடக்குது இங்க?" என்றான் டுவேன்.

லீலண்ட் சுவிட்சைப் போட்டான். சக்கரம் சுழலும் சத்தம் தகரக் கூரையில் மோதி நாலு பக்கமும் பரவியது. என்னைப் பயமுறுத்தத்தான் போட்டான் என்று தெரியும். ஆனாலும் அவன் ஒரு கையில்தான் பிடித்திருந்தான். ஒற்றைக் கையில் அந்த மெஷின் எப்படிப் பாயும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு அடி தூரம். சக்கரத்தின் காற்று என் மணிக்கட்டில் பட்டது. கையை எடுக்கவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

"நாலரை வருஷம்" என்றான். சத்தத்தில் கேட்கவில்லை, உதடு அசைந்ததை வைத்துப் புரிந்துகொண்டேன்.

சுவிட்சை அணைத்தான். சக்கரம் ஓய்ந்து நிற்கும்போதுதான் வெளியே டயருக்கடியில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. பத்து ஆகவில்லை; அதற்குள் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது, பின்னால் நீளமான ட்ரெய்லர். கிட்டத்தட்ட அறுபது வயதிருக்கும், உயரமான பெண்மணி இறங்கினார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் போடும் மஞ்சள் ஜாக்கெட் போட்டிருந்தார்.

லீலண்ட் ட்ரெய்லரைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை.

"பண்ண மாட்டேன்னு சொன்ன."

"ஆமா. சொன்னேன்."

வெர்னா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேராக உள்ளே வந்து, தொங்கிக்கொண்டிருந்த பாடியைச் சுற்றி நடந்தார். கதவுத் தூணின் உட்புறத்தில் கை விட்டுத் தடவினார்.

"இந்தப் பித்தளை ஒட்டு நான் வெச்சது. ஐம்பத்திமூணுல. அசிங்கமாத்தான் இருக்கும், எனக்கு அப்ப வெல்டிங் வராது." பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். குரல் மாறியது. "கூரையை யார் வெட்டினது?"

"நான்தான்" என்றான் லீலண்ட்.

"யாரைக் கேட்டு?"

"என் வண்டின்னு நெனச்சுத்தான் வெட்டினேன்."

"உன் வண்டி இல்லையே தம்பி."

"ஒரு எண்ணை வெச்சுச் சொல்லிட்டா ஆச்சா? முப்பத்திரண்டு வருஷம் எங்க போயிருந்தீங்க? இன்ஷூரன்ஸ் பணம் வாங்கியிருப்பீங்க, அப்புறம் என்ன?" அவன் கராஜ் வாசலை மறைத்துக்கொண்டு நின்றான். டுவேன் அவன் தோளைத் தொட்டான், உதறிவிட்டான்.

"திருட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கல. எடுக்க வசதி இல்ல. டான்ஸ் ஹாலுக்கு வெளிய நிறுத்திட்டு ரெண்டு பாட்டுக்கு ஆடிட்டு வந்தேன், வண்டிய காணோம். நாலு கவுண்டி அலைஞ்சேன். ஒரு பொண்ணுக்கு எதுக்கு அந்த மாதிரி வண்டின்னு எல்லா எடத்துலயும் சிரிச்சானுங்க." வெர்னா அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றார். இருவரும் ஒரே உயரம். "ஷெரிஃபைக் கூட்டிட்டு வந்திருக்கலாம். கூட்டிட்டு வரல. உன் பொண்டாட்டி போன்ல அழுதுடுவா போல இருந்துச்சு, அதனால."

"திருட்டுன்னு பதிவேட்டுல இருக்கு லீ" என்றேன். "நானே பார்த்தேன். யார் கேட்டாலும் இருக்குன்னுதான் சொல்லுவேன்."

செயின் லேசாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் லீலண்ட் வாசலை விட்டு விலகினான்.

"எஞ்சின் என்னோடது" என்றான். "கியர்பாக்ஸ், ரேடியேட்டர், சக்கரம், எல்லாம் நான் வாங்கினது."

"உன்னோடது எதுவும் எனக்கு வேணாம். பாடி, சேஸிஸ். அவ்வளவுதான்."

எஞ்சின், சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டு மீதியை ஏற்றுவதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. எல்லாவற்றையும் லீலண்டே செய்தான், வேறு யாரையும் தொட விடவில்லை. நாலு பட்டை போட்டு இறுக்கினான். கூரை ஒட்டுப் பக்கம் பட்டை உரசாமலிருக்க, தன் சட்டையைக் கழற்றி மடித்து அடியில் வைத்தான். பனியனோடு நின்று, "அந்த ஒட்டுல இன்னும் உப்புத்தாள் போடல, மழையில விட்டுறாதீங்க" என்று மட்டும் சொன்னான். வெர்னா தலையாட்டினார்.

ஐந்து வாரம் கராஜ் திறக்கவில்லை. லீலண்ட் என்னோடு பேசினான். உப்பு எங்கே, பில் வந்ததா, அந்த அளவுக்கு. ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம், அவங்க வர்றதை" என்றான்.

"சொல்லியிருந்தா முந்தின நாளே தேய்ச்சிருப்ப."

கையிலிருந்த தட்டை அடுக்கினான். "ஆமா, தேய்ச்சிருப்பேன்" என்றான். துண்டை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அது மன்னிப்பா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு நான் போனை எடுத்தால், யாரோடு பேசுகிறேன் என்று எட்டிப் பார்ப்பான்.

ஜூன் முதல் வாரம் வெர்னாவிடமிருந்து போன் வந்தது. என்னிடம் பேசவில்லை, லீலண்டைக் கேட்டார்.

"எஞ்சின் தாங்கிங்கள ஏன் இவ்வளவு பின்னால வெச்சிருக்க? என் ஷெட்ல ஒரு பழைய எஞ்சின் கெடக்கு, உக்கார மாட்டேங்குது."

"அது உக்காராது. முன்பக்க எடை குறையணும்னுதான் பின்னால தள்ளினேன்" என்று ஆரம்பித்தவன், இருபது நிமிடம் பேசினான். நடுவில் ஒருமுறை, "ஐயோ, வேணாம், அதை வெட்டாதீங்க!" என்று கத்தினான். வைத்துவிட்டுச் சமையலறையில் இரண்டு சுற்று நடந்தான். "அந்தம்மா எல்லாத்தையும் கெடுத்துடும்" என்றான். அடுத்த சனிக்கிழமை எங்கள் பிக்கப்பில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு ஹோல்ட்ரெஜுக்குப் போனான். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

பதினான்கு மாதம் ஆனது. அந்தக் கறார்ப் பேர்வழி கண்ணாடிக் குச்சியோடு வந்து பார்த்து, 6041 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் கவுன்டரில் பத்திரத்தை வெர்னா லிண்ட்குவிஸ்ட் பெயரில் நான்தான் டைப் அடித்தேன். லீலண்ட் வரிசையில் அவருக்குப் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பத்திரத்தை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

ஹோல்ட்ரெஜில், முதல் ஓட்டம் வெர்னா தனியாகப் போனார். வடக்கே நேராகப் போகும் தார் ரோடு. பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றார். அரை மணி ஆனது. லீலண்ட் ரோட்டுக்கும் ஷெட்டுக்குமாக நடந்தான். பிரேக் குழாயில் அடைத்த காற்றை எடுத்தோமா, எடுத்தோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். முக்கால் மணி ஆனதும் பிக்கப் சாவியை எடுத்தான். அப்போதுதான் சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

வெர்னா வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. தலைமுடி கலைந்திருந்தது, மூக்கு சிவந்திருந்தது. ஸ்டியரிங் பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏறு" என்றார் லீலண்டைப் பார்த்து. "ரெண்டாவது கியர்ல ஒரு சத்தம் வருது. கியர்பாக்ஸ்தான்."

"கியர்பாக்ஸா இருக்காது. பின்பக்க ஆக்ஸிலா இருக்கும்."

"நான்தான ஓட்டினேன்? கியர்பாக்ஸ்!"

சண்டை போட்டுக்கொண்டே கதவைச் சாத்தினார்கள். வண்டி கிளம்பித் திருப்பத்தில் மறைந்தது.