ஒரு செம்பருத்தியும் நான்கு உபரிக் கோப்புகளும்

…செம்பருத்திதான், சந்தேகமேயில்லை, இதழ் நுனியில் பனித்துளி நிற்கிற அதே செம்பருத்தி, போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பா போட்டது, கீழே மஞ்சள் எழுத்தில் இனிய காலை வணக்கம், இப்போது இங்கே, இந்தக் குழுவில், கறுப்பு வெள்ளைப் படங்களின் தலைப்புகளுக்கு நடுவில்… தனுஜா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். கைப்பேசியைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள், எப்படிப் பிடித்தாலும் அனுப்பியவர் பெயர் மாறவில்லை. ராமசாமி த/பெ முனியாண்டி, கெலுகோர், பினாங்கு. அப்பாவின் பெயர், அடையாள அட்டையில் இருக்கிறபடியே. அதோடு விட்டாரா, மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு என்று ஆங்கிலத்தில் தொடங்கி, நான் புதியவன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், எல்லாரும் நலமா, தொடர்புக்கு என்று கைப்பேசி எண், நாட்டுக் குறியீட்டோடு. கடைசியில் நன்றி, வணக்கம். இந்தக் குழுவில் யாரும் யாருக்கும் இதுவரை வணக்கம் சொன்னதில்லை, அவளுக்குத் தெரிந்து.

இதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது… குழுவின் விதிப் பக்கத்தில் பெரியவர்களுக்கு மட்டும் என்று முதல் வரியில் இருக்கும், அந்த வரியை எழுதியதே அவள்தான். இது ஒரு செய்திக்குழு, முகநூலுக்கெல்லாம் முந்திய ஏற்பாடு, எங்கெங்கோ இருக்கிற கணினிகள் ஒன்றுக்கொன்று தபால் மாற்றிக்கொள்கிற மாதிரி, செத்துப் போய்விட்டது என்று எல்லாரும் நினைக்கிற இடம். அங்கே அறுபது எழுபது வருடத்துக்கு முந்திய நிர்வாணப் படங்களைப் பழைய பத்திரிகைகளிலிருந்து நகலெடுத்துப் பகிர்கிறார்கள், பெரும்பாலும் வயதானவர்கள், மிக மரியாதையானவர்கள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், ஒரு பழைய வேதியியல் மென்பொருளைத் தேடிப் போய் வழி தவறி நுழைந்தாள். முதலில் பார்த்த படத்தில் பருத்த உடம்புள்ள ஒரு பெண் கடலிலிருந்து வந்துகொண்டிருந்தாள், நனைந்த தலைமுடி, வயிற்றில் மடிப்பு, வாய் நிறையச் சிரிப்பு. மறைக்க ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒருத்தி நிற்க முடியுமா? தனுஜாவால் ஆய்வுக்கூடத்தில் கையுறை கழற்றும்போதுகூட யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்காமல் இருக்க முடியாது. அந்தப் படத்தில் ஒரு கீறல் இருந்தது, அந்தப் பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே. அதைப் புள்ளி புள்ளியாகத் துடைத்து எடுத்து, திரும்பக் குழுவில் போட்டாள். நன்றி என்று ஏழெட்டுப் பேர் எழுதினார்கள், ஒரு வரி, அவ்வளவுதான். கல்யாணம் எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அங்கே அவள் பெயர் பிப்பெட். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கக் கையில் இருக்கிற கண்ணாடிக் குழாயின் பெயர். விதிகளை எழுதிவந்த பெரியவருக்குக் கண் மங்கியபோது, உன்னைப் போல் பொறுமையாக எழுத இங்கே ஆளில்லை என்று அந்த வேலையை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து திங்கட்கிழமைதோறும் அவள் எழுதிய பக்கம் குழுவில் வரும். பெரிய கோப்பைத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். தலைப்பில் கோப்பின் பெயரும் எத்தனையாவது துண்டு என்பதும் சதுர அடைப்புக்குள் இருக்கட்டும். கூடவே உபரிக் கோப்புகள் சில சேர்த்துப் போடுங்கள், வழியில் ஒரு துண்டு தொலைந்தாலும் மிச்சமிருக்கிற துண்டுகளையும் உபரியையும் வைத்துத் தொலைந்ததைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம்… இந்த இடத்தை எழுதும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக எழுத வரும், ஏனென்றால் அது அழகான கணக்கு, எது தொலையும் என்று முன்கூட்டித் தெரியாமலே எல்லாவற்றுக்கும் சேர்த்து மாற்று வைப்பது. பெரிய எழுத்தில் கத்தாதீர்கள். புதியவர் தவறினால் எல்லார் முன்னும் திருத்தாதீர்கள், தனியே சொல்லுங்கள்.

அப்பா எல்லாவற்றையும் படித்திருக்கிறார். தலைப்பைப் பார்த்தாள், செம்பருத்தி, காலை வணக்கம், சதுர அடைப்புக்குள் 1/1. ஒரே ஒரு துண்டுதான், இருந்தாலும் எண் போட்டிருக்கிறார். அடுத்த வரியில் உபரிக் கோப்புகள், ஒன்று, இரண்டு… நான்கு. விரல் நகமளவு பூப்படத்துக்கு நான்கு உபரிக் கோப்புகள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் அந்தப் பனித்துளி தொலைந்துவிட்டால்? திரும்ப எடுத்துவிடலாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, தலையணையை வாயில் வைத்துக்கொண்டாள், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது, அந்தக் கைப்பேசி எண்.

பழைய மடிக்கணினியை அப்பாவுக்குக் கொடுத்தது அவள்தான். வேலையை விட்ட பிறகு பாவம், பிறைத் தொழிற்பேட்டையில் லாரிகளை அனுப்பி அனுப்பியே பழகியவர், காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு போக இடமில்லாமல் பால்கனிக்கும் ஹாலுக்கும் நடந்தார். படங்களை அழித்தாள், கடிதங்களை அழித்தாள், குழுவைப் படிக்கிற நிரலில் பிப்பெட் என்ற பெயரைக்கூட அழித்தாள், நிரலை மட்டும் அழிக்க மறந்துவிட்டாள். பெயர் இருந்த இடம் காலியாக இருந்திருக்கும். உங்கள் பெயர் என்ன என்று நிரல் கேட்டிருக்கும். கேட்டால் அப்பா சொல்லுவார். காலிக் கட்டம் எதைப் பார்த்தாலும் முழுதாக நிரப்புகிற மனிதர், க்ளினிக்கில் கொடுக்கிற தாளில் பிடித்த நிறம் கேட்டால்கூட எழுதுவார். சொந்தப் பெயரைப் போடாதீர்கள் என்று அவளுடைய பக்கத்தில் இல்லவே இல்லை. எழுதத் தோன்றவில்லை. தன் பெயரை யாராவது தானாகக் கொடுப்பார்களா என்ன… அவள் கொடுக்க மாட்டாள், அதனால் உலகத்தில் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டாள்.

எண்களைப் பொறுக்குவதற்கென்றே நிரல்கள் அலைகின்றன. பாகான் டாலாமில் ரமணி மாமாவுக்கு ஒரு அழைப்பு வந்தது, உங்கள் படம் எங்களிடம் இருக்கிறது, ஊருக்கெல்லாம் அனுப்புவோம் என்று, அவர் ஒன்றுமே செய்யாதவர், அப்படியும் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அப்பா எண்ணைக் கொண்டுபோய் இந்தக் குழுவிலேயே வைத்திருக்கிறார். இந்த நாட்டில் இப்படிப்பட்ட படங்களை வைத்திருப்பதே குற்றம். போட்டதைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் போட்டவரே, போட்ட நிரலிலிருந்தே எடுக்க வேண்டும். அதாவது அந்த மடிக்கணினி. அதாவது அப்பாவிடம் சொல்ல வேண்டும். என்னவென்று? அந்தக் குழு அப்படிப்பட்ட குழு அப்பா என்றா? உனக்கெப்படித் தெரியும் என்று அவர் கேட்க மாட்டார், கேட்டாலாவது பரவாயில்லை, அவர் தலையைக் குனிந்துகொள்வார், இவளும் குனிந்துகொள்வாள், பிறகு வருடக்கணக்கில் இந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். அப்பா அந்தப் படங்களைத் திறந்து பார்த்தாரா? கடலிலிருந்து வந்த அந்தப் பெண்ணை? சீ, அதை யோசிக்காதே. அவருக்குத் துண்டுகளைச் சேர்க்கத் தெரிந்திருக்காது. தெரிந்திருக்கும், பக்கத்தைத்தான் முழுக்கப் படித்திருக்கிறாரே, அவ்வளவு தெளிவாக எழுதி வைத்தது யார்…

ஹாலுக்குப் போனாள். அப்பா குளித்து, நெற்றியில் விபூதியோடு, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் மூடியைப் பாதிக்கு இறக்கினார். அடுக்களையிலிருந்து அம்மா தேங்காய் துருவுகிற சத்தம்.

"என்னா பாப்பா, எழுந்துட்டியா? கோப்பி இருக்கு."

"லேப்டாப் கொஞ்சம் வேணும்பா. ஒரு… அப்டேட் போடணும்."

"அப்பறம் போடலாம் லா. அப்பா ஒரு வேலையா இருக்கேன்."

"வேலையாம் வேலை," என்று அம்மா உள்ளேயிருந்து. "காலையிலேருந்து அந்தப் பொட்டிகிட்டதான் குடித்தனம். பாசாருக்குப் போயி ஒரு மீனு வாங்கிட்டு வாங்கன்னா, கூட்டமா இருக்கும்ங்கிறாரு. மீன்காரன் என்ன, இவரைப் பொண்ணு பாக்கவா வரப்போறான்?"

"செடி குரூப்பு குமுதா," என்றார் அப்பா. "பூவு, செடி, இந்த மாதிரி."

செடி குரூப். காது நுனி சிவந்திருந்தது அப்பாவுக்கு. தெரியும், அப்படியென்றால் தெரியும் அவருக்கு, அல்லது மூடியை இறக்கியது அம்மா திட்டுவாள் என்பதற்காக மட்டுமா… தனுஜா கோப்பியை ஊற்றினாள், கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது. அப்படியே அப்பாதான் என்று எல்லாரும் சொல்வார்கள் அவளைப் பற்றி, கல்யாண வீட்டில் வாசலோர நாற்காலி தேடுவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிடுவது. முப்பது வருடம் லாரிக்காரர்களிடம் சீட்டு எழுதிக் கொடுத்தே பேசினார் என்று அம்மா கேலி செய்வாள். அப்படிப்பட்டவர், முகம் தெரியாதவர்களிடம் போய், எல்லாரும் நலமா என்று கேட்டிருக்கிறார். கைப்பேசியில் திருட்டுத்தனமாகக் குழுவைப் பார்த்தாள். பதில்கள் வந்திருந்தன. இது பூக்கடையா என்று ஒருவர். அவரை விடுங்கள், இந்த வருடத்தில் நான் பார்த்த ஒழுங்கான தலைப்பு இதுதான் என்று இன்னொருவர். எண்ணைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, விதிப்படி, எல்லார் முன்னும் திருத்தக்கூடாதே. அவள் எழுதிய விதி.

மேசையில் அப்பாவின் கைப்பேசி அடித்தது. வெளிநாட்டு எண். தனுஜா கோப்பையை வைத்தாள், எடுக்காதீங்கப்பா என்று சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, அவள் சத்தம் எப்போது சமயத்துக்கு வந்திருக்கிறது…

"ஹலோ. யெஸ், ராமசாமி ஸ்பீக்கிங்." அப்பா எழுந்து நின்றுகொண்டார், பழைய மேலாளர் கூப்பிட்டால் நிற்பது போல. முகத்தில் முதலில் ஒரு சந்தோஷம், உண்மையான சந்தோஷம், யாரோ அழைத்துவிட்டார்கள் என்கிற சந்தோஷம். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். "ஐ சீ. ஐ சீ சார். ஓ… தட் ஒன் ஐ டோன்ட் நோ லா. யெஸ், மை மிஸ்டேக். யூ ஆல்சோ ஹாவ் கார்டன் ஆ? டூலிப்! வெரி குட்." போனை வைத்துவிட்டு சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"யாருங்க?" என்றாள் அம்மா, கையில் தேங்காய்ப் பூவோடு வாசற்படியில்.

"ஒரு ஃபிரண்டு. ஹாலண்டு."

"ஹாலண்டா? எதிர்வீட்டு ரசாக் பாய்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டீங்க, ஹாலண்டுல ஃபிரண்டா?"

டூலிப் என்ற பெயரில் எழுதுகிறவர், தனுஜாவுக்குத் தெரியும், குழுவில் மூத்தவர், காற்புள்ளிகூடத் தப்பாகப் போடாதவர். தனியே சொல்லுங்கள் என்று இவள் எழுதினாள், அவர் ஹாலந்திலிருந்து கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், அங்கே விடிந்தே இருக்காது. பத்தடி தூரத்தில் இருக்கிற இவளால் முடியவில்லை.

அம்மா உள்ளே போனதும் அப்பா மெதுவாக, "பாப்பா, போட்ட மெசேஜை எப்படிம்மா திருப்பி எடுக்கிறது? நம்பரெல்லாம் போடக்கூடாதாம்," என்றார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தார். திறந்த கையோடு, கண்ணாடியைத் துடைக்கிறவர் போல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திரையில் பட்டியல். படித்தவை மெலிந்த எழுத்திலும் படிக்காதவை தடித்த எழுத்திலும் இருக்கும், ஒரு பார்வை போதும், அப்பா எதையெல்லாம் திறந்தார் என்று தெரிந்துவிடும். அவள் பார்க்கவில்லை. செம்பருத்தி இருந்த ஒரு வரியை மட்டும் பார்த்தாள், சுற்றியிருந்ததையெல்லாம் இமையை இடுக்கி மங்கலாக்கிக்கொண்டாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். திரும்பப் பெறு. நிச்சயமாகவா? ஆம். பூ போனது, பிறகு உபரிகள், ஒவ்வொன்றாக, நான்கும். எல்லாக் கணினிகளும் இந்த வேண்டுகோளுக்குக் கீழ்ப்படியாது, எங்கோ ஒன்றிரண்டில் அந்த எண் தங்கிவிடலாம், அதை அப்பாவிடம் சொல்லவில்லை. பெயர்க் கட்டத்தைத் திறந்தாள்.

"இங்க சொந்தப் பேரு வேணாம்பா. வேற ஏதாவது."

அப்பா யோசித்தார். "லாரி-ன்னு போடு," என்றார், சிரித்தார், அவளும் சிரித்தாள். லாரி என்று போட்டாள். எத்தனை நாளாயிற்று இப்படித் தோளோடு தோள் உட்கார்ந்து, சந்தனச் சோப்பு வாசம் அடித்தது, வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வைத்தபோது அடித்த அதே சோப்பா, அதை இன்னும் விற்கிறார்களா…

"ஆனா எழுதினவங்க ரொம்ப நல்லா எழுதியிருக்காங்கம்மா," என்றார் அப்பா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "புரியாதவனுக்கும் புரியற மாதிரி. பொறுமையா. எனக்கு யாரும் இப்படிச் சொல்லிக் கொடுத்ததில்ல."

"ம்," என்றாள் தனுஜா. கன்னம் சுட்டது. தொண்டை வரைக்கும் நன்றி வந்துவிட்டது, ஒரு மிடறு கோப்பியோடு விழுங்கினாள். அறைக்கு வந்து கதவைச் சாத்தி, தன் பக்கத்தைத் திறந்து, நாளைக்கு வரவேண்டியதில் இன்னொரு விதியைச் சேர்க்க உட்கார்ந்தாள், உங்கள் சொந்தப் பெயரை, ஊரை, எண்ணை… என்று அடித்துக்கொண்டிருந்தபோது விரல் நின்றது. எதை எழுதினவங்க என்று அவள் கேட்கவில்லையே. ஒன்றுமே தெரியாதவள் கேட்டிருப்பாள், எதைப்பா, யாரு எழுதினது என்று. அப்பா சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், வெறுமனே ஏதாவது சொல்லுவாள் என்றா, இல்லை… வெளியே அப்பா அம்மாவிடம் மீனுக்குப் பை கேட்கிற சத்தம் கேட்டது, தானாகவே, அந்தப் பாசார் கூட்டத்துக்குப் போக.