தூண் மண்

திருப்புலிவனத்துக்குத் தெற்கே வெள்ளை மண் சுரங்கம் ஒன்று மூடிக் கிடக்கிறது. மூடியது கம்பெனிக்காரன்; ஊருக்கு அது என்றும் திறந்தேதான் இருந்தது. பொங்கல் வந்தால் சுவர் மெழுக அந்த மண்தான் வேண்டும். அதிலும் சுரங்கக் கூரையைத் தாங்க விட்டுவைத்த தூண்களில்தான் கல் கலக்காத, வெண்ணெய் மாதிரி மண். கம்பெனிக்காரனே தொடப் பயந்ததை ஊர்ப் பெண்கள் வருஷா வருஷம் சுரண்டினார்கள். இந்திராணிக்கு அதில் பெருமை வேறு.

தலைப்பொங்கலுக்கு வந்திருந்த நாத்தனார் தீபலட்சுமியை உள்ளே இழுத்துப் போனதும் அவள்தான்.

"போதும் அண்ணி, கூடை ரொம்பிட்ச்சி," என்றாள் தீபா.

"இன்னும் ரெண்டு கை," என்றாள் இந்திராணி. தூண் இடுப்பில் முறிந்தது.

புழுதி அடங்கியபோது இந்திராணி இந்தப் பக்கம், தீபா அந்தப் பக்கம். நடுவே கூரை வரை மண். அழுகுரல் மட்டும் கேட்டது. உள்ளே சிக்னல் இல்லை. சுரங்க வாய்க்கு ஓடிப் புருஷன் ஜெகநாதனுக்கு போன் போட்டாள். கடப்பாரை, கூடையோடு ஆட்களைக் கூட்டி வருவதாகச் சொன்னான். அதுவரை நிற்க மனசு கேட்கவில்லை. பக்கத்துப் பொந்தில் நுழைந்தாள்.

அந்த வழியில் அவள் போனதே இல்லை. உள்ளே அது கிளை கிளையாகப் பிரிந்தது. ஒன்று முட்டுச் சுவரில் நின்றது. இன்னொன்றில் முழங்கால் தண்ணீர். போன் வெளிச்சத்தில் பார்த்த தூணெல்லாம் இடுப்பு மெலிந்து நின்றது. எல்லாவற்றிலும் விரல் தடம். எத்தனை பொங்கல், எத்தனை வீட்டுச் சுவர்.

சுற்றி வளைந்து சேர்ந்தபோது தீபா இடுப்பு வரை புதைந்திருந்தாள். இந்திராணி கையால் வாரினாள். நகம் பெயர்ந்தது. வாரிய அளவு மேலிருந்து சரிந்தது.

"நீ போய்டு அண்ணி. எல்லாம் வுழுந்துடும்."

"வாய மூடுடி. உன்ன வுட்டுட்டு உங்க அண்ணன் மூஞ்சில எப்டி முழிப்பேன்."

அப்போது மண்ணுக்கு அப்பால் கடப்பாரைச் சத்தம். ஆட்கள் வந்துவிட்டார்கள். இந்திராணிக்குப் போன உயிர் திரும்பியது. அடுத்த குத்தில் தீபாவின் மார்பு வரை மண் இறங்கியது.

இந்திராணி கத்திப் பார்த்தாள். குத்தும் சத்தத்தில் எடுபடவில்லை. போனை தீபா கையில் திணித்துவிட்டு, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வந்த வழியே ஓடினாள். தண்ணீரில் விழுந்தாள். தப்பான பொந்தில் நுழைந்து திரும்பினாள். ஒவ்வொரு குத்தும் அவள் நெஞ்சில் இறங்கியது.

ஜெகநாதன் ஓங்கிய கடப்பாரையைப் பாய்ந்து பிடித்தாள். "குத்தாதீங்க. எல்லாம் அவ மேலதான் வுழுவுது."

அவன் முகம் செத்துப்போனது. கூட வந்த நாலு பேரும் கடப்பாரையைக் கீழே வைத்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணா, அண்ணிய அனுப்பு. கழுத்து வரிக்கும் வந்துட்ச்சி."

"கூடைய எடுத்துக்கினு என் பின்னாலியே வாங்க. தூண்ல கை வெக்காதீங்க," என்றபடி இந்திராணி இருட்டுக்குள் திரும்பினாள். ஐந்து ஆண்களும் தோள் உரசாமல் ஒருக்களித்து நடந்தார்கள். "அண்ணி, அண்ணி" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசித் திருப்பத்துக்கு முன்னால் அது நின்றுபோனது. இந்திராணி மட்டும், "வந்துட்டேன்டி, வந்துட்டேன்," என்று பதில் சொல்லிக்கொண்டே போனாள்.