ஐந்தாம் மாதம் வரை

சைக்கிள் மிதிக்கத் தோதே இல்லாத மலை ஏற்காடு. ஆனால் அங்கே உட்கார்ந்துதான் மூன்று பேர் இன்டர்நெட் வழியாக டென்மார்க்குக்காரர்களுக்குச் சைக்கிள் விற்றுக்கொண்டிருந்தார்கள். முகமது இஸ்மாயில் பாயின் மளிகைக்கடை மாடியில் ஓர் அறை. பாயின் மகன் இர்பான் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பான். வாழவந்தியிலிருந்து பஸ்ஸில் வரும் சசிகலா, பெல் உடைந்து வந்ததென்று புலம்புகிறவர்களுக்கு நயமாகப் பதில் எழுதுவாள். இருவருக்கும் மேலே சிவரஞ்சனி.

சிவரஞ்சனிக்கு இன்னொரு வேலையும் உண்டு. இந்த நாட்டில் ஆள் வைத்தால் என்னென்ன சட்டம் என்று டென்மார்க்கில் இருக்கும் முதலாளியம்மா இங்கிரிட்டுக்குப் பாடம் எடுக்க வேண்டும். பேப்பரில் இவர்களை வேலைக்கு வைத்திருந்தது பெங்களூரில் ஒரு ஏஜென்சி. சம்பளம், பி.எஃப். எல்லாம் அதன் வழியாகத்தான். ஆனாலும் இங்கிரிட் எதையும் சிவரஞ்சனியிடம் கேட்காமல் செய்யமாட்டாள். தீபாவளிக்கு எதற்குப் போனஸ், மாமன் பேத்தி காதுகுத்துக்கு எதற்கு லீவு என்பது வரைக்கும் கேட்பாள். சிவரஞ்சனி சொன்னதுதான் அவளுக்கு இந்தியா. எஸ்டேட்டில் காப்பி பறித்தவளின் மகளுக்கு அந்த மரியாதை தலைக்கு ஏறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்?

ஒரு நாள் காலை, கீழே கடையில் காப்பிக்கொட்டை அரைக்கிற வாசம் மாடிக்கு வந்ததும் சசிகலா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தவளைச் சிவரஞ்சனி பார்த்த பார்வையிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“ஆமாங்க்கா. யாருகிட்டயும் சொல்லிராதீங்க. ரெண்டு தடவை தங்கலைங்க. ரெண்டு தடவையும் முன்னாடியே ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கண்ணு பட்டுருச்சு. அஞ்சாம் மாசம் சோறு ஊட்டற வரைக்கும் வெளிய மூச்சு உடக்கூடாதுன்னு அத்தை சத்தியம் வாங்கியிருக்குதுங்க.”

“கம்பெனிக்குச் சொல்லோணுமல்ல கண்ணு?”

“அஞ்சாம் மாசம் ஆவட்டுங்க. அப்பறம் சம்பளத்தோட லீவு குடுப்பாங்கல்ல? டாக்டரம்மா நொம்ப சூதானமா இருக்கோணும்னு சொல்லுது. இந்த வேலை இருக்கறதாலதான் ஒக்காந்த எடத்துல இருக்கறேன். இல்லீன்னா காப்பித்தோட்டத்துக்குத்தான் போவோணும். மேடு ஏறி எறங்குனா இதுவும் தங்காதுங்க்கா.”

சிவரஞ்சனி அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அப்போது அது மனசாரச் செய்த சத்தியம்தான். அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல இருப்பது அது ஒன்றுதான், சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் இங்கிரிட் வீடியோவில் வந்தாள். முகம் வாடியிருந்தது. வியாபாரம் படுத்துவிட்டது, ஒருவரை அனுப்பியாக வேண்டும் என்றாள். இர்பான் போனால் இன்டர்நெட் கடையே நின்றுவிடும். ஆகவே சிவரஞ்சனி அல்லது சசிகலா.

“கடைசியாகச் சேர்ந்தவள் சசிகலா. அவளைத்தான் நினைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று சொல். அவளுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா? கர்ப்பமாக இருக்கிறாளா? அப்படி இருந்தால் அவளைத் தொடமாட்டேன். உங்கள் சட்டத்திலும் அவளுக்குப் பாதுகாப்பு உண்டு என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்?”

சொன்னால் போவது தான்தான் என்று சிவரஞ்சனிக்குப் புரிய நேரம் ஆகவில்லை. மகளின் கான்வென்ட் ஃபீஸ் ஞாபகம் வந்தது. கடைவீதியில் எல்லோரும் மேடம் என்று கூப்பிடுவது ஞாபகம் வந்தது. கூடவே அந்தச் சத்தியமும் ஞாபகம் வந்தது, அதைப் போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கைக்கு எட்டுகிற தூரத்தில் போன் கிடந்தது. ‘கண்ணு, இப்பச் சொல்லாட்டி வேலை போயிரும், சொல்லிரட்டுமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எந்த அத்தையும் வேண்டாமென்று சொல்லியிருக்கமாட்டாள்.

“அப்படி எதுவும் இல்லை” என்றாள் சிவரஞ்சனி.

“நிச்சயமாகத் தெரியுமா?”

“நிச்சயமாக.”

இங்கிரிட் அவளுக்கு நன்றி சொன்னாள்.

ஏஜென்சியிலிருந்து மெயில் வந்த அன்று சசிகலா அழவில்லை. நாற்காலியில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க்கா, சட்டத்துல ஏதாச்சும் வழி இருக்குதுங்களா? நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவங்க.”

வழி இருந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வேலையை விட்டு அனுப்பினாலும் பிரசவ காலச் சம்பளம் கைவிட்டுப் போகாது. சிவரஞ்சனிக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆனால் சசிகலா அதைக் கேட்டு எழுதினால், முன்பே தெரியுமா என்று இங்கிரிட் தன்னைத்தான் கேட்பாள்.

“இல்ல சாமி. முன்னாடியே சொல்லியிருந்தீன்னா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்.”

“என் தப்புத்தானுங்க” என்றாள் சசிகலா. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ‘சொல்லியிருந்தீன்னா’ என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் பாருங்கள்! அதுவும் சிவரஞ்சனிக்கு இருந்தது.

காப்பி பறிப்பு உச்சத்தில் இருந்த சமயம், பஸ் ஸ்டாண்டில் சசிகலாவைப் பார்த்தாள். தோளில் பறிப்புப் பை, விரல்களில் பழச்சாற்றின் கறை. சிவரஞ்சனியின் கண் தன்னையறியாமல் அவள் வயிற்றுக்குப் போனது. சேலை ஒட்டிக் கிடந்தது.

“தங்கலைங்க்கா” என்றாள் சசிகலா. “தோட்டத்துலயே ஆயிப்போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க. டாக்டரம்மா இனி வேண்டாம்னுருச்சு.”

சிவரஞ்சனிக்கு அழக்கூடப் பயமாக இருந்தது.

“ஊட்ல ஒரே சண்டைங்க. அந்த ஆபீஸ்காரிதான் வெளிய சொல்லியிருப்பா, அதான் கண்ணு பட்டுருச்சுன்னு அத்தை உங்களைத் திட்டுச்சு. எனக்குப் பொறுக்கலைங்க.” சசிகலா சிவரஞ்சனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. “சேர்வராயன் கோயில்ல எல்லாரு முன்னாடியும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். எங்க அக்கா யாருகிட்டயும் வாயத் தொறக்கலைன்னு.”

வாழவந்தி பஸ் வந்து நின்றது. சசிகலா பையைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். பஸ் கிளம்பும் வரைக்கும் நேரம் இருந்தது. அப்போதும் சிவரஞ்சனி வாயைத் திறக்கவில்லை.